சைக்கிளுக்குப் படையல்

இஞ்சியோன்,
9 மார்ச் 2013

மகன் ஹான்சோலுக்கு,

அப்பா எழுதுகிறேன். பயப்படாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, வீடும் இடிந்து விழவில்லை. போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. போன தடவை பின்னால் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று பாதியில் வைத்துவிட்டாய். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் இதை எடுத்தேன்.

அங்கே ராணுவ முகாமில் இன்னும் பனிதான் வாருகிறாயா? காலுறையை ஈரத்தோடு போடாதே. இங்கே மார்க்கெட்டில் அதே வேலைதான். விடிவதற்குள் முள்ளங்கி மூட்டை, மத்தியானம் வரைக்கும் வெங்காய மூட்டை. லாரி ஓட்டினவன் தள்ளுவண்டி தள்ளுகிறேன், போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே மேற்குக் கடல் மதகிலிருந்து பூசான் வரைக்கும் ஆற்றங்கரையாகவே சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள் இல்லையா, அறுநூற்று முப்பத்து மூன்று கிலோமீட்டர். வழி நெடுக சிவப்புக் கூண்டுகள் வைத்து, உள்ளே முத்திரை வைத்திருக்கிறார்கள். அந்த முத்திரைகளைக் குத்திக்கொள்கிற புத்தகம் ஒன்று வாங்கிவிட்டேன். அக்டோபரில் உனக்கு ஒன்பது நாள் விடுப்பு வருகிறதே, நாம் இரண்டு பேரும் போவோம்.

பூசானில் யார் இருக்கிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. நாலு வருஷமாக உன் அம்மா தன் அக்காவின் மீன்வடைக் கடையில் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு தடவை பஸ்ஸில் போய் இறங்கிப் பார்த்தேன். கதவே திறக்கவில்லை. பஸ்ஸில் எவன் வேண்டுமானாலும் போவான். ஐம்பத்தேழு வயசில், இந்தத் தொப்பையோடு, ஒரு சொட்டுக் குடிக்காமல், அவ்வளவு தூரம் மிதித்துப் போய் வாசலில் நின்றால் ஒரு வாய் தண்ணீராவது கொடுக்கமாட்டாளா? அவள் திரும்பி வருவாளா என்று நான் கேட்கவில்லை. கதவு திறந்தால் போதும்.

லைசென்ஸ் போனவன் சைக்கிள் ஓட்டலாம். அதற்கு எவனும் குழாயை நீட்டி ஊதச் சொல்லமாட்டான். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

உன் அப்பா,
ஓக் கிதே


யாங்கு, மலை முகாம்,
24 மார்ச் 2013

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் கூடாரத்தில் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். இங்கே ஒருவனுக்குக் கடிதம் வந்தால் ஒன்று காதலி விட்டுப் போயிருப்பாள், இல்லையென்றால் யாராவது செத்திருப்பார்கள். சைக்கிள் விஷயம் என்றதும் சார்ஜன்ட்டுக்கே ஏமாற்றம்.

யோசித்தேன். வருகிறேன். ஆனால் முதலில் சொல்லிவிடுகிறேன், என் சைக்கிளைத் தொடாதீர்கள். வராந்தாவில் போர்வை சுற்றித் தொங்குகிறதே, அதைத்தான். இரண்டு வருடம் மழையில் வீடு வீடாகக் கோழிக்கறிப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துச் சம்பாதித்து வாங்கியது. மா அண்ணன் சைக்கிள் கடையில் தடித்த டயர் போட்ட பழைய வண்டி ஏதாவது இருக்கும், அதில் பழகுங்கள்.

பழகுவது என்றால் முதல் நாளே போய் நூறு கிலோமீட்டர் மிதிப்பது இல்லை. உங்களைத் தெரியும். முதல் இரண்டு வாரம் பத்துப் பத்து கிலோமீட்டர், சின்ன கியரில், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகம். சீட்டை ஏற்றுங்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக வேண்டும், இல்லாவிட்டால் முட்டி போய்விடும். பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும். மெத்தை வைத்த கால்சட்டை ஒன்று வாங்குங்கள். அதற்குள்ளே வேறு எதுவும் போடக்கூடாது. எதுவும் என்றால் எதுவும்.

குடி பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன். ஒரு சொட்டு என்றால் ஒரு சொட்டு. நீங்கள் குடித்தது தெரிந்தால் நான் வரமாட்டேன். இதில் பேரம் கிடையாது.

ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஹான்சோல்


இஞ்சியோன்,
20 ஏப்ரல் 2013

மகன் ஹான்சோலுக்கு,

நீ கோபப்படப் போகிறாய். அதனால் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், உன் சைக்கிளை இறக்கிவிட்டேன்.

நான் என்ன செய்யட்டும்? மா கொடுத்த பழைய வண்டியில் நாலு நாள் போனேன். ஐந்தாம் நாள் சீட்டுக் குழாய் வளைந்து நான் பின்பக்கமாகச் சரிந்துவிட்டேன். கொண்டுபோய்க் காட்டினால் அவன் சிரிக்கிறான். "அண்ணே, இது கீரை வாங்கப் போற வண்டி. இதுல பூசான் போனீங்கன்னா, உங்க பேரன் கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவீங்க"ன்னு சொன்னான். நான் வேறு எங்கே போவேன்? உன் வண்டி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரலால் தூக்க முடிகிறது அதை! ஹேண்டில் மட்டும்தான் தரையைப் பார்த்துக் குனிந்து கிடக்கிறது. நீ வந்ததும் உயர்த்திக் கொடு.

நீ பயப்பட வேண்டாம், முறையாகத்தான் இறக்கினேன். போன சனிக்கிழமை மார்க்கெட் முற்றத்தில் வைத்துப் படையல் போட்டாயிற்று. பன்றித் தலை ஒன்று நல்ல சிரித்த முகமாகப் பார்த்து எடுத்தேன். சிவப்புப் பயறு போட்ட அரிசிப் பலகாரம், பேரிக்காய், எல்லாம் வைத்தோம். வெங்காயக் கடைப் பியோன் அக்கா பன்றி வாயில் ஒரு பண நோட்டைக்கூடச் செருகினாள். அறுபது வயசு ஆட்கள் ஏழு பேர் உன் சைக்கிள் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள், ஹான்சோல். கார் வாங்கினவனுக்குக்கூட இப்படி நடந்ததில்லை. அரிசிக்கள்ளு முன் சக்கரத்துக்கு ஒரு கெண்டி, பின் சக்கரத்துக்கு ஒரு கெண்டி ஊற்றினேன். பிறகு கருவாட்டில் வெள்ளை நூல்கண்டைச் சுற்றி சீட்டுக்கு அடியில் கட்டிவிட்டேன். வழியில் வருகிற கெட்டதையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும்.

சிரிக்காதே. ஆயுசில் ஐந்து லாரி ஓட்டியிருக்கிறேன். நாலுக்குப் படையல் போட்டேன், நாலிலும் ஒரு கீறல் விழவில்லை. ஐந்தாவதுக்கு மட்டும் உன் அம்மா வீண் செலவு என்று தடுத்துவிட்டாள். எது மலையில் கவிழ்ந்தது என்று உனக்கே தெரியும்.

படையல் கள்ளில் ஒரு வாய் நனைத்துக்கொண்டேன். அது குடி இல்லை, மரியாதை. ஒளிக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

உன் அப்பா


யாங்கு,
2 மே 2013

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கழிப்பறையில் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். இங்கே தனியாகக் கோபப்பட அந்த ஒரு இடம்தான் இருக்கிறது.

அது லாரி இல்லை அப்பா. சைக்கிள் சக்கரத்தில் கள்ளை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஊற்றுவதற்கு முன்பு ஒருவர்கூடக் கேட்கவில்லையா? பிரேக் கட்டை பிடிக்கிற இடமே அந்த ரிம்தான். அரிசி மண்டி காய்ந்து பசையாகிவிடும். பிரேக் பிடித்தால் கத்தும், இல்லையென்றால் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு கெண்டி ஊற்றினேன் என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள்.

இனிமேலாவது சொல்வதைக் கேளுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள், துணியால் மட்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், சக்கரத்து நடுவில் ஹப்புக்குள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே வந்துவிடும். மா அண்ணனிடம் கொண்டுபோய் ஹப்பைத் திறந்து, உள்ளே உருளுகிற பால்ஸ் குண்டுகளைக் கழுவி, புது கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பிரேக் கட்டை நாலையும் மாற்றச் சொல்லுங்கள். அப்படியே சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துவிடட்டும். அந்தக் கருவாட்டை அவிழ்த்துப் போடுங்கள், தெருப்பூனை எல்லாம் பின்னாலேயே வரும்.

ஒரு வாய் என்றால் எவ்வளவு? உங்கள் வாய் அளவு எனக்குத் தெரியும். ஒளிக்காமல் எழுதினீர்கள் என்பதால் இந்த ஒரு தடவை விடுகிறேன். இன்னொரு தடவை இல்லை.

அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் நூறு கிலோமீட்டர் ஒரே நாளில் மிதித்த பிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஹான்சோல்


இஞ்சியோன்,
16 ஜூன் 2013

மகன் ஹான்சோலுக்கு,

நூறு ஆகிவிட்டது! நூற்றுநாலு. யாங்பியோங் வரைக்கும் மிதித்துப் போய், நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு ரயிலில் வந்தேன். அம்மாவிடம் சொல்லிவிடு.

மற்றது எல்லாம் எரிச்சல்தான். பின்புறம் என்று ஒன்று எனக்கு இருந்தது, இப்போது அது புண். நீ உள்ளே எதுவும் போடாதே என்று எழுதியிருந்தாய். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அது என்ன பழக்கம் என்று உள்ளே ஜட்டி போட்டுக்கொண்டுதான் போனேன். தையல் தேய்த்துத் தேய்த்து, இரண்டு நாள் மூட்டை தூக்கக் குனிய முடியவில்லை. இப்போது நீ சொன்னபடியே போடுகிறேன். அந்தக் கால்சட்டையோடு மார்க்கெட் வழியாகப் போனால் பியோன் அக்கா கடையை விட்டே வெளியே வந்து நிற்கிறாள். "யோவ் ஓக்கு, பாதி உடம்ப வீட்லயே மறந்துட்டு வந்துட்டியா?"ன்னு தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறாள். அவளுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தேன், இப்போது எண்பத்தைந்து. ஆனால் வலது முட்டி சாயங்காலமானால் வீங்குகிறது. டாக்டரிடம் காட்டினால், "ஐயா, இந்த வயசுல பூங்காவில நடந்தா போதாதா?" என்கிறான். எழுந்து வந்துவிட்டேன். சீட்டை நீ சொன்ன மாதிரி ஏற்றினால் கால் எட்டவில்லை, இறக்கினால் முட்டி வலிக்கிறது. சதையும் எலும்பும் என் பேச்சைக் கேட்டே பழக்கமில்லை. இத்தனை வருஷம் அவற்றிடம் நான் எதுவும் கேட்டதில்லை, அதுதான்.

குடி இல்லை. அந்த ஒரு வாய்க்குப் பிறகு அறுபத்துச் சொச்சம் நாள் ஆகிறது. வேலை முடிந்து எல்லோரும் சுற்றி உட்காரும்போது நான் பார்லித் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். முதல் மாதம் கை நடுங்கியது, இப்போது இல்லை. இதை எழுதாமல் இருந்திருக்கலாம், ஆனாலும் எழுதுகிறேன்.

சைக்கிள் விஷயம். உன் கடிதம் வருவதற்கு முன்பே கழுவிவிட்டேன். முள்ளங்கியில் சேறு போக அடிக்கிற குழாய் இருக்கிறதே, அதனால்தான். பளபள என்று ஆகிவிட்டது, பார்த்தால் நீயே மகிழ்ந்துபோவாய். முன் சக்கரம் மட்டும் லேசாகக் கரகர என்கிறது. மாவிடம் கொண்டுபோகவில்லை, அவன் வாயில் விழ எனக்குத் தெம்பில்லை. பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது. கருவாடு இருக்கட்டும், அதில் தலையிடாதே.

வரைபடத்தைப் பார்த்தாயா? பாதை நம் இஹ்வா மலைக் கணவாய் வழியாகவே போகிறது. லாரி கவிழ்ந்த அதே பழைய சாலை. அக்டோபரில் அங்கே இறங்கும்போது உனக்குக் காட்டுகிறேன், எவ்வளவு மோசமான வளைவு என்று. எப்பேர்ப்பட்ட டிரைவராக இருந்தாலும் அங்கே ஒன்றும் செய்திருக்க முடியாது. அதுவும் படையல் காணாத வண்டி. நேரில் பார்த்தால் உன் அம்மாவுக்கு நீயே எடுத்துச் சொல்லலாம்.

உன் அப்பா


யாங்கு,
14 ஜூலை 2013

அப்பாவுக்கு,

நூற்றுநாலு கிலோமீட்டர் என்று படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். பக்கத்துப் படுக்கைக்காரனிடம் சொன்னேன். கடைசிப் பத்தியை மட்டும் நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வளைவை எனக்குக் காட்ட வேண்டாம். நான் அந்த லாரியில்தான் இருந்தேன், ஜன்னல் பக்கம். சனிக்கிழமை, முட்டைக்கோஸ் இறக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போனீர்கள். எனக்குப் பதினேழு வயது. மலையடிவாரத்து யோன்பூங்கில் மத்தியானம் நான் பன்றிக்கறி சூப் சாப்பிட்டேன், நீங்கள் சோஜு குடித்தீர்கள். இரண்டே கோப்பை என்று போலீஸிடம் சொன்னீர்கள். எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான், ஆனால் வாயைத் திறக்கவில்லை. சுரங்கப்பாதை வாசலில் ஊதச் சொல்வார்கள் என்றுதான் மலை மேலே போனீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று தோளில் உடைந்த காறை எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது, அதை நான் சொல்ல வரவில்லை. அம்மா உங்களை விட்டுப் போனது குடிக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். குடியை அவள் இருபது வருடம் பார்த்தவள். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நீ மட்டும் அன்னைக்குப் படையல் போட விட்டிருந்தா இது நடந்திருக்காது"ன்னு அவளிடம் சொன்னீர்கள். ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும்போது என்னிடம், "வளைவு மேலயும் என் மேலயும் பழி போடுற மனுஷன்கூட ஒரே கூரைக்கு அடியில தூங்க முடியாதுடா"ன்னு சொல்லிவிட்டுப் போனாள்.

நீங்கள் குடியை விட்டுவிட்டீர்கள். நம்புகிறேன். ஆனால் ஏப்ரலில் ஒரு தடவை, ஜூனில் ஒரு தடவை, அதே கதையைத்தான் எழுதுகிறீர்கள். அந்த இடத்தில் உங்கள் பக்கத்தில் நின்று அந்தக் கதையைக் கேட்க என்னால் முடியாது. நான் வரவில்லை. விடுப்பில் பஸ்ஸில் பூசான் போய் அம்மாவோடு இருப்பேன்.

சைக்கிளை வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பையும் பிரேக் கட்டையையும் பாருங்கள்.

ஹான்சோல்


இஞ்சியோன்,
25 ஆகஸ்ட் 2013

ஹான்சோலுக்கு,

இது இரண்டாவது கடிதம். போன மாதம் எழுதியதற்குப் பதில் இல்லை. அதில் கொஞ்சம் அதிகமாகத்தான் திட்டிவிட்டேன். பெற்ற அப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாயா என்று எழுதியது எல்லாம் வேண்டாத வேலை. ஆனால் உன் கடிதம் மட்டும் என்ன, தேனா தடவியிருந்தது?

வராவிட்டால் போ. அக்டோபர் ஐந்தாம் தேதி நான் கிளம்புகிறேன். எண்பத்தொரு கிலோ இருக்கிறேன். மழைச் சட்டை, இரண்டு டியூப், பம்பு, மாத்திரை எல்லாம் பையில் வைத்துப் பார்த்தாயிற்று. முட்டிக்குப் பட்டை வாங்கிவிட்டேன். வளைவு வளைவுதான். நான் இல்லாததைச் சொல்லவில்லை.

அங்கே வெயில் அதிகமாமே. தண்ணீர் குடி.

அப்பா


பூசான், ஆற்று முகத்துவாரம்,
12 அக்டோபர் 2013, பிற்பகல்

என் மகன் ஹான்சோலுக்கு,

கடைசி சிவப்புக் கூண்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். மேலே உள்ள தேதியைப் பார்த்துக்கொள், எட்டு நாள் ஆகிவிட்டது. ஐந்து நாள் போதும் என்று நான் போட்டிருந்த கணக்கு தப்பு.

இரண்டாம் நாளே மழை. முன் சக்கரத்து ஹப் கரகர என்பது போய் ஆட்டம் கண்டுவிட்டது. நூறு தடவை எழுதினாயே, ஏன் கேட்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு மிதித்தேன். என்னோடு கிளம்பினவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மணி அடித்துவிட்டு முந்திப் போனார்கள். நாலாம் நாள் காலையில் இஹ்வா மலை ஏறினேன். ஏறினேன் என்றால், பாதி மிதித்தேன், பாதி தள்ளினேன். உச்சியில் முத்திரை வைத்தேன். அங்கே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் வெள்ளரிக்காயை இரண்டாக உடைத்துப் பாதியை என் கையில் கொடுத்தாள். வாழ்க்கையில் அப்படி ஒரு வெள்ளரிக்காய் நான் சாப்பிட்டதில்லை.

இறங்க ஆரம்பித்ததும் பிரேக்கைப் பிடித்தால் லீவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. கீழே இறங்கிப் பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் கட்டை தேய்ந்து இரும்புதான் இருக்கிறது. ஏழு கிலோமீட்டர் இறக்கம். பழைய கிதேயாக இருந்தால் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டாவது போயிருப்பான். நான் நடந்தேன். எல்லோரும் பறந்து போகிற இறக்கத்தில் நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்து போனேன், அவ்வளவு எரிச்சல் எனக்கு.

அப்படி நடந்துதான் அந்த இடத்துக்கு வந்தேன். தடுப்புக் கம்பி அங்கே மட்டும் புதுசாக இருக்கிறது, அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சாலையைப் பார்த்தேன். ஹான்சோல், அங்கே வளைவு இல்லை. நேரான சாலை. வேறு இடமாக இருக்குமோ என்று திரும்ப மேலே போய்ப் பார்த்தேன், கீழே போய்ப் பார்த்தேன். வளைவு இன்னும் இருநூறு அடி தள்ளித்தான் ஆரம்பிக்கிறது. நாம் அங்கே போய்ச் சேரவே இல்லை.

நான் தூங்கிவிட்டேன். இரண்டு கோப்பை இல்லை, இரண்டு பாட்டில். உச்சியைத் தாண்டினது ஞாபகம் இருக்கிறது. பிறகு கண்ணை மூடினேன். நீ அப்பா, அப்பா என்று கத்தினது எனக்குக் கேட்டது. எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி கேட்டது, என்னால் எழ முடியவில்லை. நாலு வருஷமாக இது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்து இருந்து வளைவை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். எத்தனை பன்றித் தலை வைத்திருந்தாலும் அன்றைக்கு அந்த லாரி கவிழ்ந்துதான் இருக்கும். உன் அம்மா செய்தது எதுவும் இல்லை. உன்னைக் கொல்லப் பார்த்தவன் நான். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். சைக்கிளில் போன ஒருவன் நின்று, கால் பிடித்துக்கொண்டதா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அங்கேயே கருவாட்டை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். என் தப்பை ஒரு வளைவு சுமந்தது, ஒரு பன்றி சுமந்தது, உன் அம்மா சுமந்தாள். பாவம், கருவாட்டையும் ஏன் சேர்க்க வேண்டும்? இரண்டு நாள் கழித்து நாக்தோங் ஆற்றங்கரையில் எதிர்காற்று தள்ள, பசி தாங்காமல் அதைக் கிழித்துத் தின்றுவிட்டேன். உப்பே இல்லை. பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும் என்று நீ எழுதினது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பிரேக் கட்டையை அன்றைக்கே மலைக்குக் கீழே ஒரு கடையில் மாற்றிவிட்டேன். இன்று காலை பதினொரு மணிக்கு இங்கே கடைசி முத்திரை வைத்தேன். பொதுக் குளியலகத்தில் குளித்து, மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, உன் அம்மா கடைத்தெரு முனை வரைக்கும் போனேன். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தலைமுடியை வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறாள். நான் திரும்பி வந்துவிட்டேன். இத்தனை தூரம் மிதித்தேன், தண்ணீர் கொடு என்று கேட்கத்தானே கிளம்பினேன்? நான் மிதித்தது அவளுக்கு எதற்கு? அவளுக்கு நான் கொடுக்க வேண்டியது வேறு. அதை உனக்கு முதலில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முத்திரைப் புத்தகத்தை இதோடு அனுப்புகிறேன். இரண்டு பேர் பெயர் எழுத இடம் இல்லை, உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். வண்டி உன்னுடையது. நாளைக்கு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இஞ்சியோன் போகிறேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அப்பா


யாங்கு,
18 அக்டோபர் 2013

அப்பாவுக்கு,

புத்தகமும் கடிதமும் வந்தன. ஒரு முத்திரை தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், இஹ்வா மலை முத்திரைதான். பரவாயில்லை, செல்லும்.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்து, வளைவைப் பற்றி எழுதியிருக்கிற தாளை மட்டும் படித்துக் காட்டினேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை அம்மா, அம்மா என்று கூப்பிட்டேன். பிறகு, "இது அவர் எழுதினதா, நீ எழுதிக் கொடுத்ததா?" என்று கேட்டாள். அவரே எழுதியது என்றேன். "அந்தத் தாள எனக்கு அனுப்பிடு" என்றாள்.

கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது எனக்கு வந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். அவளுக்கு வேண்டியதை நீங்கள் தனியாக எழுத வேண்டும். எழுதித் தபாலில் போடாதீர்கள், கையில் வைத்திருங்கள்.

இருபத்திரண்டாம் தேதி எனக்கு விடுப்பு தொடங்குகிறது. நேராகப் பூசான் போவதாக இருந்தேன். முதலில் இஞ்சியோன் வருகிறேன், இரண்டு நாள் அங்கே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பஸ்ஸில் இரண்டு பேருமாகப் போகலாம். கதவு திறக்குமா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் எத்தனை மணிக்கு வருவது என்று விசாரித்தபோது, 'நீ' என்று கேட்கவில்லை, நம் இரண்டு பேரையும் சேர்த்து 'நீங்க' என்று கேட்டாள்.

மா அண்ணனிடம் புது பால்ஸும் கிரீஸும் வாங்கி வையுங்கள். நான் வந்து ஹப்பைத் திறக்கும்வரை என் சைக்கிளைத் தொடாதீர்கள்.

ஹான்சோல்